எடெல்வைஸ் அணிந்தவர்கள்

எடெல்வைஸில் நாம் பூ என்று பார்ப்பது பூவே இல்லை. நட்சத்திரம் மாதிரி விரிந்திருக்கும் அந்த வெள்ளை முழுக்கப் பஞ்சு படிந்த இலைகள். நம்ம காகிதப்பூ கதைதான். நிஜப் பூக்கள் நடுவில் மஞ்சளாக, பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டிருக்கும். சூரியகாந்திக் குடும்பம். குளிர்காலத்தில் பனிக்கடியில் வாடிக் கிடந்து, கோடையில் அதே வேரிலிருந்து தளிர்க்கும் பல்லாண்டுச் செடி. ஆல்ப்ஸில் சுமார் 1,800 மீட்டருக்கு மேலே, சுண்ணாம்புப் பாறையும் வெயிலும் உள்ள புல்சரிவுகளில் வளர்கிறது. பஞ்சு அழகுக்காக இல்லை. காற்றில் ஈரம் போகாமல் காக்கும். உச்சி வெயிலின் புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும்.

இதன் சொந்தபந்தங்களில் பெரும்பாலானவை இருப்பது ஆசிய மலைகளில். ஐரோப்பாவுக்கு இது ஒருவகையில் வந்தேறி. ஆனால் ஜெர்மன் மொழியில் பெயர் 'மேன்மையான வெள்ளை'. இந்த முரண் எனக்குப் பிடித்திருக்கிறது, பின்னால் வருவதை நினைத்தால் இன்னும் அதிகமாக.

19ஆம் நூற்றாண்டில் மலைச்சுற்றுலா பெருகியபோது, காதலிக்காகச் செங்குத்துப் பாறையில் உயிரைப் பணயம் வைத்துப் பறித்துவரும் பூ என்று இதற்கொரு கதை கட்டிவிட்டார்கள். பல இடங்களில் புல்வெளியில் நடந்துபோயே பறிக்கலாம் என்பதுதான் நிஜம். வேரோடு பிடுங்கிப் பிடுங்கி, 1878இல் சுவிட்சர்லாந்தின் ஒப்வால்டன் மாநிலம் தடைச்சட்டமே போட வேண்டியதாயிற்று.

வீரக்கதை உள்ள பூவைப் பட்டாளம் சும்மா விடுமா? 1907இல் ஆஸ்திரிய-ஹங்கேரிய மலைப்படைகளுக்கு இது சின்னமானது. பிறகு ஹிட்லரின் மலைப்படைக்கும். 1943 ஆகஸ்ட் 16 அன்று கிரேக்கத்தின் கொம்மெனோ கிராமத்துக்குள் புகுந்து 300க்கும் மேற்பட்டவர்களை, குழந்தைகள் உட்பட, கொன்றவர்கள் எடெல்வைஸ் அணிந்த வீரர்கள்.

அதே ஆண்டுகளில் கொலோன் நகரத்துத் தொழிலாளர் வீட்டுப் பையன்கள் சிலரும் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தார்கள். கொலோன் சமவெளி, அங்கே இந்தப் பூ முளைக்காது. அவர்கள் குத்தியது உலோக வில்லை. ஹிட்லர் இளைஞர் படை கட்டாயம் என்றான பிறகு, வரமாட்டோம் என்று கிட்டாரோடு காட்டுக்குள் போனவர்கள், நாஜிப் பாட்டுகளைக் கேலியாக மாற்றிப் பாடியவர்கள். 'எடெல்வைஸ் கொள்ளையர்' என்று பெயர். புனிதர்கள் என்று சொல்ல மாட்டேன். எஹ்ரன்ஃபெல்ட் பகுதியில் இருந்த கூட்டம் உணவு திருடியது, ஆயுதம் பதுக்கியது. தப்பியோடி வந்தவர்களையும் ஒளித்து வைத்தது.

1944 நவம்பர் 10 அன்று எஹ்ரன்ஃபெல்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், விசாரணையே இல்லாமல், ஊரார் பார்க்க 13 பேரைக் கெஸ்டாபோ தூக்கிலிட்டது. அதில் பார்தலோமேயுஸ் ஷிங்க்குக்கு வயது 16. அடுத்த பிறந்தநாளுக்கு இன்னும் 17 நாள் இருந்தது.

எனக்கு ஆறாதது அதற்கப்புறம் நடந்ததுதான். போர் முடிந்தும் அந்தப் பையன்கள் அரசுக் கோப்புகளில் குற்றவாளிகளாகவே கிடந்தார்கள். 1984இல் இஸ்ரேலின் யாத் வாஷெம் ஷிங்க்கைக் கௌரவித்தது. கொலோன் நிர்வாகம் அவர்களை எதிர்ப்பாளர்கள் என்று ஒப்புக்கொண்டது 2005இல். 61 வருஷம்!

ஜெர்மன் மலைப்படையினரின் தொப்பியில் அந்தப் பூ இன்றும் இருக்கிறது. எஹ்ரன்ஃபெல்டில் ஒரு தெருவுக்கு ஷிங்க்கின் பெயர்.