குடிகாரர் குடிநோயாளி ஆன வரலாறு

திருவாலங்காடு என்றதும் இலக்கிய வாசகர்களுக்குக் காரைக்கால் அம்மையாரும் இரத்தின சபையும் நினைவுக்கு வருவர். கல்வெட்டு ஆர்வலர்களுக்கு 1905இல் அங்குக் கிடைத்த இராசேந்திர சோழனின் செப்பேடுகள் நினைவுக்கு வரும். அவ்வூர் இடம்பெறும் திருத்தணி வட்டாரம் பலமுறை எல்லை மாறிய நிலம். முதலில் வடஆர்க்காட்டிலும், 1911க்குப் பின் சித்தூர் மாவட்டத்திலும் இருந்த அப்பகுதி, 1960 ஏப்ரல் முதல் நாளில்தான் இன்றைய தமிழ்நாட்டுடன் இணைந்தது. இந்த எல்லைப்புறத்தில் நின்று பார்த்தால் நம் மதுவிலக்கு வரலாற்றின் ஒரு குறை தெளிவாகத் தெரிகிறது.

இராசாசி அமைச்சரவை 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே அது சித்தூருக்கும் கடப்பைக்கும், 1939இல் வடஆர்க்காட்டுக்கும் விரிந்தது. அதாவது சென்னை நகரத்துக்கு முன்பே திருத்தணிப் பகுதி மதுவிலக்கைக் கண்டுவிட்டது. உலகப் போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி அதனை நிறுத்திவைத்தது. விடுதலைக்குப் பின் 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1971இல் கடைகள் திறந்தன; 1974க்குள் மூடின; 1981இல் மீண்டும் திறந்தன. 1983இல் தோன்றிய டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன்வசம் எடுத்துக்கொண்டது. எல்லைக்கு அப்பால், நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில் பெண்கள் தொடங்கிய சாராய எதிர்ப்பு இயக்கம் 1992இல் ஆந்திரம் எங்கும் பரவியது. 1993இல் அங்குச் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1995இல் முழு மதுவிலக்கு வந்தது. 1997இல் அதுவும் தளர்ந்தது. அந்த ஈராண்டுகள் எல்லையின் ஒரு பக்கம் தடை, மறுபக்கம் கடை.

இத்தனை ஆணைகளும் கடையைப் பற்றியவை. வருவாயையும் தண்டனையையும் பற்றியவை. சென்னை மாகாண மதுவிலக்குச் சட்டத்தின் பார்வையில் குடித்தவர் ஒரு குற்றவாளி. கடை மூடிய மறுநாள் காலையில் கை நடுங்கும் மனிதருக்கு என்ன ஆகும் என்பது சட்டத்தின் கேள்வியாக இருக்கவில்லை. ஆனால் அது உயிர்போகும் கேள்வி. பல்லாண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாள்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். அதையொட்டிய நாள்களில் இல்லாததைக் காணும் மனக்குழப்பமும் நேரலாம். சிகிச்சை இல்லையெனில் இறப்பும் உண்டு. இந்நிலையை ஊரார் பேய் பிடித்தது என்றோ, வேஷம் என்றோ சொல்லிவிடுவதும் உண்டு.

மிதமிஞ்சிய குடிப்பழக்கம் மனத்தைப் பற்றிய ஒரு நோய் என்று கடற்படை மருத்துவரான தாமஸ் டிராட்டர் 1804இலேயே நூல் எழுதினார். சென்னையில் மனநோயாளர் காப்பகம் அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 1794இல் தொடங்கியிருந்தது. இருப்பினும் குடிநோய்க்கென முறையான மருத்துவம் உருவாக நெடுங்காலம் ஆயிற்று. நம் மாகாணம் முழு மதுவிலக்கை எட்டிய அதே 1948இல், கோபன்ஹேகனில் டைசல்பிரம் என்னும் மருந்தைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. அதை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுப்பார். நோயாளியின் முழுச் சம்மதத்துடன் மட்டுமே தரவேண்டிய மருந்து அது. அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுப்பது உயிருக்கே ஆபத்து. மருந்து ஒன்று கையில் இருப்பதும், நோயாளியுடன் அமர்ந்து பேச ஒருவர் இருப்பதும் வேறு வேறு என்பதற்கு இதுவே போதிய சான்று.

தமிழகத்தில் அப்படிப் பேசுவதற்கு ஓர் அமைப்பு 1980இல் உருவாயிற்று. குடிநோய்க்குத் தம் கணவரை 1979இல் இழந்த சாந்தி ரங்கநாதன், அவர் பெயரால் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைச் சென்னையில் நிறுவினார். அது நடத்தும் டி.டி.கே. மருத்துவமனையில் மருத்துவரோடு உளவியலாளரும் சமூகப் பணியாளரும் மீண்டெழுந்த நோயாளிகளும் இணைந்து பணியாற்றும் முறை வளர்ந்தது. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஆனால் சென்னைக்கு வந்து வாரக்கணக்கில் தங்குவது தினக்கூலிக்காரருக்கு இயலாத காரியம். இத்தடையை நீக்க, 1989இல் அன்றைய தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடியில் அவ்வமைப்பு பதினைந்து நாள் சிகிச்சை முகாமைத் தொடங்கியது. நோயாளி நகரத்தைத் தேடி வருவதற்கு மாறாக, மருத்துவம் ஊரைத் தேடிச் சென்றது.

முகாம் முடிந்த பின்னரும், முகாமே இல்லாத இடங்களிலும், எஞ்சுவது புறநோயாளிப் பிரிவுதான். அங்குப் பணிபுரியும் மனநல ஆலோசகரின் வேலை என்ன? எவ்வளவு, எப்போது முதல், கடைசியாக எந்த நாள் எந்த நேரம் குடித்தார் என்று கேட்பது முதற்படி. உலக நலவாழ்வு நிறுவனம் 1989இல் வெளியிட்ட பத்துக் கேள்விகள் கொண்ட படிவம் இதற்குக் கைகொடுக்கிறது. முன்பு வலிப்பு வந்தவரையும், மனக்குழப்பம் கண்டவரையும், துணைக்கு ஆளில்லாதவரையும் உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும். மற்றவர் பலருக்கு வீட்டிலிருந்தபடியே மருத்துவர் தரும் மாத்திரைகளும் தயாமின் என்னும் பி1 உயிர்ச்சத்தும் போதும். உடல் தெளிவது ஒரு வாரத்து வேலை. மனம் தெளிவதற்கு மாதங்கள் ஆகும். அம்மாதங்களில் நோயாளி மாலையில் அதே தெருவழியே, அதே நண்பர்களைக் கடந்து, அதே கடையைத் தாண்டி வீடு திரும்புகிறார். மீண்டும் குடித்துவிட்டு வருபவரை வெட்கப்படுத்தாமல் உட்கார வைப்பதே இப்பணியின் கடினமான பகுதி. கூட வந்த மனைவியின் சோர்வையும் கேட்க வேண்டும். அவருக்கும் அங்கு ஒரு நாற்காலி வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் ஒரு புதிய உரையாடல் முறையை முன்வைத்தார். வாதிட்டு வெல்ல முயலாமல், மாறவேண்டிய காரணத்தை நோயாளியே தம் வாயால் சொல்லும்படி கேட்பது அதன் சாரம். தமிழ் படித்தவர்க்கு இது முற்றும் புதிதன்று. கள்ளுண்ணாமையை வள்ளுவர் அறத்துப்பாலில் வைக்காமல் பொருட்பாலில் வைத்தார். மயக்கத்தில் இருப்பவரிடம் காரணம் காட்டிப் பயனில்லை என்பதும், தெளிந்த வேளையில் அவரே கண்டுணர இடமுண்டு என்பதும் அவ்வதிகாரத்தின் இறுதிப் பகுதியில் அடுத்தடுத்து நிற்கும் கருத்துகள். நம் மேடைகள் முதற்கருத்தையே பிடித்துக்கொண்டன. புறநோயாளிப் பிரிவு இரண்டாவதன்மேல் நிற்கிறது.

இம்முறை எளிய இடங்களிலும் பலிக்குமா? கோவாவின் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2017இல் லான்செட் இதழில் அச்சாயிற்று. மனநலப் பட்டம் பெறாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள், தீங்குதரும் அளவில் குடித்த ஆண்களுடன் அதிகபட்சம் நான்கு அமர்வுகள் பேசினர். மூன்று மாதங்களுக்குப் பின் தீங்கு எல்லைக்குக் கீழே வந்தவர்கள் அவர்களில் 36 விழுக்காடு. வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் 26 விழுக்காடு. கடும் அடிமைநிலையில் உள்ளவர்களுக்கு இது போதாது. ஆனால் அந்நிலையை எட்டுமுன் பலரைத் தடுத்து நிறுத்தலாம் என்பதற்கு இது சான்று.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் கொண்டுவந்தது. 1937இல் குற்றவாளியாக எழுதப்பட்டவர் எண்பது ஆண்டுகளில் சட்டத்திலும் நோயாளி ஆனார். சொல் மாறிவிட்டது, வசதி மாறிற்றா? மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறினார் என்று 2019இல் வெளியான தேசிய ஆய்வறிக்கை சொல்கிறது.

திருவாலங்காட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உண்டு. சுற்றுவட்டாரத்தில் கரும்பு வெட்டுவோரும் விசைத்தறி ஓட்டுவோரும் உண்டு. ஒரு நாள் கூலியை இழந்தால் அடுப்பெரியாத வீடுகள் அவை. கடைகள் எத்தனை என்று எண்ணுவதோடு, கூலி கெடாமல் போய்வரும் தொலைவில் ஓர் ஆலோசகர் இருக்கிறாரா, வாரத்தில் எத்தனை நாள் இருக்கிறார் என்றும் நாம் கேட்கத் தொடங்க வேண்டும். தேர்தல் அறிக்கைகளில் கடை மூடும் தேதியைத் தேடும் நாம், அதற்கு மறுநாள் காலையில் யார் அந்த நாற்காலியில் இருப்பார் என்பதையும் தேட வேண்டும்.