மருந்தும் குருதியும்

பன்னிரண்டு ஆண்டுகள் குருதிப்போக்கினால் வருந்திய பெண்ணை மாற்கு நற்செய்தியில் நாம் காண்கிறோம். மருத்துவர் பலரிடம் சென்றும் அவர் நலமடையவில்லை, துன்பமே மிகுந்தது. அப்பகுதியை வாசிக்குந்தோறும் அமெரிக்க நாட்டு ஹீமோஃபிலியா நோயாளரின் அண்மைக்கால வரலாறு நம் நினைவில் எழுகிறது.

ஹீமோஃபிலியா, குருதியை உறையச் செய்யும் காரணிகளுள் ஒன்று, பெரும்பாலும் எட்டாவது, பிறப்பிலேயே குறைவுபடும் நோய். அடிபடாமலே மூட்டுகளுக்குள் குருதி கசியும். முழங்கால் வீங்கி ஆளை முடக்கும். 1970களில், பல்லாயிரவரின் குருதிநீரைக் கலந்து பிரித்தெடுத்த காரணி மருந்து பரவலாயிற்று. வீட்டிலேயே ஊசிவழி ஏற்றிக்கொள்ளலாம் என்பதால், மருத்துவமனையே கதியென்று கிடந்த சிறுவர் பள்ளிக்குச் சென்றனர்.

அம்மருந்திலேயே எச்.ஐ.வி. கிருமி கலந்திருந்தது. 1982 ஜூலையில் ஹீமோஃபிலியா நோயாளர் மூவருக்கு அரியவகை நிமோனியா கண்டதாக முதல் அறிவிப்பு வந்தது. வெப்பமூட்டித் தூய்மை செய்த மருந்து 1985 அளவில் பரவுமுன்னரே, அந்நாட்டு ஹீமோஃபிலியா நோயாளருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தொற்றுக்கு உள்ளாகிவிட்டனர். இண்டியானா மாநிலச் சிறுவன் ரையன் வைட் பள்ளியினின்று விலக்கப்பட்டதையும், 1990இல் 18 வயதில் மாண்டதையும் உலகறியும். (தொழுநோயாளரை ஊர்ப்புறத்தே நிறுத்திய பழைய அச்சம் படித்தவர் நாட்டிலும் இத்துணை எளிதில் உயிர்பெற்றதே!)

1995 டிசம்பரில் சாக்வினாவிரும், 1996 மார்ச்சில் ரிட்டோனாவிரும் இண்டினாவிரும் அந்நாட்டில் ஒப்புதல் பெற்றன. கிருமி முதிர்ச்சியடையத் தேவையான நொதியைத் தடுப்பதால் இவை புரோட்டியேஸ் தடுப்பான்கள் எனப்பட்டன. மற்ற மருந்துகளுடன் சேர்த்து உட்கொண்டோர் பலர் மரணப்படுக்கையினின்று எழுந்தனர். ஆயின் அவ்வாண்டு ஜூலையிலேயே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மருத்துவர்களுக்கு ஓர் எச்சரிக்கை மடல் விடுத்தது. இம்மருந்துகளை உண்ட ஹீமோஃபிலியா நோயாளர் 15 பேருக்குத் தாமாகவே குருதிக் கசிவு ஏற்பட்டிருந்தது. தோலடியில் குருதி கட்டுவதும் மூட்டுகளில் கசிவதும் அறிவிக்கப்பட்டன. மருந்தே காரணம் என்று நிறுவப்படவில்லை.

இக்கட்டு எத்தகையது என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். கிருமியை அடக்கும் மருந்து குருதியைக் கசியவிடுகிறது. கசிவை நிறுத்தவோ கூடுதல் காரணி மருந்து வேண்டும். எந்த ஊசியால் நோய் வந்ததோ அந்த ஊசியையே மீண்டும் நாட வேண்டும். அப்போது காரணி மருந்து தூய்மையாகியிருந்தது என்பதும், 1992இல் மரபணு நுட்பத்தால் ஆக்கிய எட்டாம் காரணி ஒப்புதல் பெற்றது என்பதும் உண்மையே. எனினும் உடன்பிறந்தாரைப் புதைத்த இல்லங்களில் அறிவியல் உறுதிமொழி எளிதில் செவியேறுமா?

ஆயினும் கசிவு அறிவிக்கப்பட்டோருள் பாதிக்கு மேற்பட்டவர்க்கு இம்மருந்துகள் தொடரப்பட்டன, அல்லது நிறுத்தியபின் மீண்டும் தரப்பட்டன. இதை வெறும் துணிவு என்று புகழ நமக்கு மனமில்லை. வேறு வழி அவர்களுக்கு இருக்கவில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிடலாம்: 1982இல் முதல் அறிவிப்புக்கும் தூய மருந்துக்கும் இடையே ஆண்டுகள் கழிந்தன, 1996இல் ஒப்புதலுக்கும் எச்சரிக்கைக்கும் இடையே கழிந்தவை சில மாதங்களே.

இன்று எச்.ஐ.வி. சிகிச்சையைத் தொடங்குவோர்க்குப் பெரும்பாலும் வேறுவகை மருந்துகளே தரப்படுகின்றன. புரோட்டியேஸ் தடுப்பான்களுடன் வரும் விளக்கத்தாளில், ஹீமோஃபிலியா நோயாளர்க்கான அந்த எச்சரிக்கை இன்றும் அச்சாகி வருகிறது.