90 முறைக்குப் பிறகு பூட்டிக்கொண்ட கணினி

1989 டிசம்பர் மாதம். இணையம் என்றால் என்னவென்றே பொதுமக்களுக்குத் தெரியாத காலம். லண்டனிலிருந்து தபாலில் கிளம்பிய ஒரு பிளாப்பி பல நாடுகளின் அலுவலகங்களுக்கும் மருத்துவ ஆய்வாளர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் வட்டு என்று அதன் மேல் ஒட்டியிருந்தது. உலகமே எய்ட்ஸைக் கண்டு பயந்துகொண்டிருந்த நேரம் அது. வாங்கியவர்கள் சந்தேகப்படாமல் கணினியில் போட்டார்கள்.

இப்படி அனுப்பப்பட்டவை சுமார் 20,000 பிளாப்பிகள். ஒரு கணினிப் பத்திரிகையின் சந்தாதாரர் பட்டியலும், உலக சுகாதார நிறுவனத்தின் எய்ட்ஸ் மாநாட்டுக்கு வந்தவர்களின் பட்டியலும்தான் முகவரிக்கு உதவின.

பிளாப்பியில் இருந்த மென்பொருள் சொன்ன வேலையை ஒழுங்காகவே செய்தது. சில கேள்விகள் கேட்டு, எய்ட்ஸ் வரும் வாய்ப்பு எவ்வளவு என்று கணித்துச் சொன்னது. கூடவே சத்தமில்லாமல் இன்னொரு வேலையும் செய்தது. டாஸ் கணினி துவங்கும்போது படிக்கும் ஆட்டோஎக்ஸெக் கோப்பை மாற்றி, கணினி எத்தனை முறை துவக்கப்படுகிறது என்று எண்ண ஆரம்பித்தது.

எண்ணிக்கை 90-ஐ ஒட்டி வந்ததும் ஹார்ட் டிஸ்கில் இருந்த கோப்புகளின் பெயர்கள் எல்லாம் புரியாத எழுத்துகளாக மாறின. கோப்புறைகள் மறைந்தன. கணினி வழக்கம்போல் வேலை செய்ய மறுத்தது. "பிசி சைபார்க் கார்ப்பரேஷன்" என்ற பெயருக்கு 189 டாலர் உரிமக் கட்டணம் அனுப்ப வேண்டுமாம். முகவரி? பனாமா நாட்டில் ஒரு தபால் பெட்டி!

பலர் பதறிப்போய் ஹார்ட் டிஸ்கையே முழுவதும் அழித்துவிட்டார்கள். இத்தாலியில் ஒரு எய்ட்ஸ் அமைப்பு தன் 10 வருட உழைப்பை இழந்ததாக அந்நாளைய செய்திகள் கூறின.

உண்மையில் அந்தப் பூட்டு மிகவும் பலவீனமானது. மாறியவை கோப்புகளின் பெயர்கள் மட்டுமே. உள்ளே இருந்த விஷயம் அப்படியே இருந்தது. பெயர்களும் ஓர் எழுத்துக்குப் பதில் இன்னோர் எழுத்து என்ற பள்ளிப் பிள்ளைகளின் ரகசிய மொழி போலத்தான் மாற்றப்பட்டிருந்தன. எதற்கு எது என்ற அட்டவணையும் அதே மென்பொருளுக்குள்ளேயே இருந்தது. வீட்டைப் பூட்டிவிட்டு சாவியை வாசலிலேயே வைத்தது போல!

ஜிம் பேட்ஸ் என்ற பிரிட்டிஷ் நிபுணர் இதைப் பிரித்து ஆராய்ந்து, 1990 ஜனவரி 'வைரஸ் புல்லட்டின்' இதழில் எழுதினார். அதை நீக்க 'எய்ட்ஸ்அவுட்', பெயர்களை மீட்க 'க்ளியர்எய்ட்' என்று இரண்டு மென்பொருள்களும் தயாரித்தார். டிஸ்கை அழிக்காமல் வைத்திருந்தவர்களுக்குக் கோப்புகள் திரும்பக் கிடைத்தன.

இதைச் செய்ததாகக் கைதானவர் ஜோசப் பாப் என்ற அமெரிக்க உயிரியல் ஆய்வாளர். பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்ட அவர், விசாரணையை எதிர்கொள்ளும் மனநிலையில் இல்லை என்று 1991-ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பாப் செய்த தவறு எங்கே என்று 1996-ல் ஆடம் யங், மோட்டி யங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரையில் காட்டினார்கள். பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு வேறொரு சாவி என்ற முறையைப் பயன்படுத்தினால், திறக்கும் சாவி பாதிக்கப்பட்ட கணினிக்கு வரவே வேண்டியதில்லை. தற்காத்துக்கொள்ளச் சொன்ன எச்சரிக்கைதான் அது. ஆனால் 2013 செப்டம்பரில் பரவிய 'கிரிப்டோலாக்கர்' அதே முறையைப் பயன்படுத்தியது. 72 மணி நேரத்துக்குள் பணம் வராவிட்டால் சாவியை அழித்துவிடுவோம் என்றும் மிரட்டியது.

அங்கேயும் வழி பிறந்தது. 2014-ல் பல நாட்டுப் போலீசார் சேர்ந்து அந்தக் கும்பலின் வலையமைப்பை முடக்கினார்கள். ஆகஸ்ட் மாதம் ஃபயர்ஐ, ஃபாக்ஸ்-ஐடி என்ற இரு நிறுவனங்கள், கைப்பற்றப்பட்ட சாவிகளை இலவசமாகவே கொடுத்தன. பூட்டிய கோப்புகளைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்குத்தான் அது பயன்பட்டது. பார்மட் செய்தவர்களிடம் சாவியைப் போட்டுத் திறக்க எதுவும் மிச்சமில்லை.

2017 மே மாதம் 'வான்னாக்ரை' தாக்கியபோது இன்னும் விசித்திரம். சாவியை உருவாக்கப் பயன்பட்ட பகா எண்கள் சில பழைய விண்டோஸ் கணினிகளின் நினைவகத்திலேயே தங்கியிருப்பதை அட்ரியன் கினே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் கண்டுபிடித்தார். அவற்றிலிருந்து சாவியை மறுபடி உருவாக்க முடிந்தது. ஒரே நிபந்தனை, கணினியை நிறுத்தியிருக்கக் கூடாது. கோளாறு என்றதும் யாரும் முதலில் செய்வது நிறுத்தி மறுபடி போடுவதுதானே! அப்படிச் செய்தவர்களுக்கு அந்த வழி அடைபட்டது.

இந்த மூன்று சம்பவங்களிலும் நஷ்டத்தைப் பெரிதாக்கியது அவசரம். கணினி பூட்டிக்கொண்டால் வலைத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, எதையும் அழிக்காமல், விவரம் தெரிந்தவரிடம் காட்டுவதே நல்லது. இன்று திறக்காத டிஸ்க் அடுத்த வருடம் திறக்கலாம். கோப்புகளுக்குத் தனியாக ஒரு நகல் எடுத்து வைத்திருந்தவர்களோ, மூன்று முறையும் யாருடைய சாவிக்கும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.