இடுப்பில் கட்டிய மின்சாரம்

மின்சாரத்தைக் கலத்தில் சேமித்து வைக்கலாம் என்ற பேச்சை எள்ளி நகையாடியவர்களுள் தாமஸ் ஆல்வா எடிசனும் ஒருவர் என்றால் மாணவ நண்பர்கள் வியப்படையக்கூடும். சேமக் கலம் என்பது பங்கு விற்றுப் பொதுமக்களை ஏமாற்றுவோருக்கே பயன்படும் கருவி என்று 1883-ஆம் ஆண்டில் அவர் பத்திரிகைக்குச் சொன்னார். கம்பி வழியே மின்சாரம் விற்று வந்தவர் அவர். ஆகவே அந்த ஏளனத்தில் வணிகரின் குரலும் கலந்திருந்தது என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் அவர் கொண்ட ஐயம் காரணமற்றதன்று. அக்காலத்து ஈயக் கலங்கள் பெருஞ்சுமையானவை. அவற்றின் அமிலமோ தொட்டதை அரிப்பது.

அதே எடிசன்தான் 1900-ஆம் ஆண்டளவில் மோட்டார் வண்டிகளுக்காகச் சேமக் கலம் செய்ய முனைந்தார். ஈயத்தையும் அமிலத்தையும் விலக்கி, நிக்கலையும் இரும்பையும் காரக் கரைசலில் அமைத்தார். முதலில் விற்பனைக்கு வந்த கலங்கள் கசிந்தன. சேமிக்கும் திறனும் குன்றியது. உற்பத்தியை நிறுத்திவிட்டு மீண்டும் ஆய்வில் இறங்கினார். திருத்திய கலம் வெளிவருவதற்குள் பெட்ரோல் வண்டி முந்திக்கொண்டது. அந்தக் கலத்திற்கு ஓர் அரிய பயன் மண்ணுக்கு அடியில் காத்திருந்தது.

நிலக்கரிச் சுரங்கத்தில் விளக்கே எமனாவதுண்டு. மீத்தேன் வாயு காற்றில் கலந்து நிற்கும் இடத்தில் ஒரு சுடர் போதும். 1812-இல் இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் நேர்ந்த வெடிப்பில் 92 பேர் மாண்டனர். 1815-இல் ஹம்ப்ரி டேவி, சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பி வலையிட்டுக் காப்பு விளக்கை உருவாக்கினார். அது தந்த ஒளி ஒரு மெழுகுவத்திக்கும் குறைவு. வலை சிதைந்தால் காப்பும் போயிற்று. மங்கிய ஒளியில் ஆண்டுக்கணக்காக உழைத்தோர் பலருக்குக் கண்மணி ஓயாது துடிக்கும் நோய் கண்டது.

எடிசனின் சிறிய கலம் தொழிலாளியின் இடுப்பு வாரில் ஏறியது. அதிலிருந்து ஒரு கம்பி தொப்பியிலிருந்த விளக்குக்குச் சென்றது. 1915-இல் அமெரிக்கச் சுரங்கத் துறை அதற்கு ஒப்புதல் அளித்தது. பல்பு உடைந்தாலும் அதன் இழை வாயுவைப் பற்றவைக்கக் கூடாது என்பது அத்துறையின் முக்கிய நிபந்தனைகளுள் ஒன்று. இரு கைகளும் வேலைக்கு விடுபட்டன. முகம் திரும்பிய பக்கமெல்லாம் ஒளியும் திரும்பியது.

இருந்தும் இந்த விளக்குகளை ஐயுற நல்ல காரணம் ஒன்று இருந்தது. மீத்தேன் சூழ்ந்தால் பழைய விளக்கின் சுடர்மேல் நீலக் குல்லாய் போன்ற ஒளி தோன்றும். அதைக் கண்டு ஓடிப் பிழைக்கலாம். மின்விளக்கோ வெளிச்சம் தந்தது; வாயுவைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆகவே சுடர் விளக்கைச் சுரங்கம் கைவிட்டுவிடவில்லை.

1990-களில் லித்தியம் அயனிக் கலமும், நீல ஒளி உமிழும் டயோடிலிருந்து பிறந்த வெள்ளொளியும் வந்தன. இன்று இடுப்புச் சுமையின்றித் தொப்பியிலேயே கலம் அடங்கிய விளக்குகள் உண்டு. அவற்றாலும் வாயுவை அறிய இயலாது. அதற்கெனத் தனிக் கருவி ஒன்று சுரங்கத்தினுள் உடன் செல்கிறது.