தேயவும் கூடாது, உடையவும் கூடாது: வார்ப்பிரும்பின் கதை

தோசைக்கல்லைக் கைதவறிக் கீழே போட்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அது நெளியாது, வளையாது. டங் எண்டு ஒரு சத்தம், கல் இரண்டு துண்டு. இத்தனை வருசமாக அதிலே சுட்டுச் சுரண்டியும் தேயாத சாமான், ஒரே விழுகையில் முடிந்துபோகும். தேய்மானத்தைத் தாங்கும் இரும்பைத் தேடிப்போன மனிதர்களின் வரலாறு முழுக்க இந்தச் சிக்கலோடு நடந்த மல்லுக்கட்டுத்தான்.

முதலில் கொஞ்சம் இரசாயனம், பொறுத்துக்கொள்ளுங்கோ. இரும்பில் காபன் நூற்றுக்கு இரண்டு வீதத்தைத் தாண்டினால் அது வார்ப்பிரும்பு. தூய இரும்பு உருக 1538 பாகை செல்சியஸ் வேண்டும். காபன் 4 வீதத்தை நெருங்கினால் 1150 பாகையளவிலேயே இளகி ஓடும், அச்சில் ஊற்றலாம். இறுகும்போது அந்தக் காபன் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. சிலிக்கன் போதியளவு இருந்து மெதுவாக ஆறினால், காபன் காரீயத் தகடுகளாகப் பிரிந்து நிற்கும். போகலச் சுரங்கத்தில் தோண்டி எடுக்கிற அதே காரீயந்தான். உடைத்த முகம் சாம்பல் நிறமாக இருக்கும். கெதியாக ஆறினால் பிரிய அவகாசமில்லை. காபன் இரும்போடு பிணைந்து காபைட்டு ஆகிவிடும். உடைத்த முகம் வெள்ளையாகத் தெரியும். இந்த வெள்ளை இரும்பு மணலுக்கும் கல்லுக்கும் அசையாது. ஆனால் ஓங்கி ஒரு அடி அடித்தால் கண்ணாடி மாதிரித்தான்.

இதை முதலில் பெரியளவில் எதிர்கொண்டவர்கள் சீனர்கள். கிறிஸ்துவுக்கு முன் 5ஆம் நூற்றாண்டளவிலேயே அங்கே இரும்பு வார்த்தார்கள். வார்த்த மண்வெட்டியும் கொழுவும் வெள்ளை இரும்பு. கல்லில் பட்டால் உடையும். அதற்கு அவர்கள் கண்ட வழி, வார்த்த பொருளைத் திரும்பவும் உலையில் வைத்து 900 பாகையளவில் நாட்கணக்காகச் சூடாக்குவது. காபைட்டு மெல்லக் கலைந்து, காபன் சிறு காரீயத் திரளைகளாக ஒதுங்கும். கடினம் கொஞ்சம் குறையும், ஆனால் உடையாது.

எங்களுக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த நுட்பத்தைவிட அதைப் பற்றி நடந்த சண்டை. ஹான் பேரரசர் வூ, ஷியோங்னுக்களோடு நடந்த போர்ச் செலவுக்காக, கி.மு. 117இல் உப்பையும் இரும்பையும் அரச ஏகபோகமாக்கினார். கி.மு. 81இல், அவர் இறந்தபின், அரசவையில் இதைப் பற்றி ஒரு பெரிய விவாதம் நடந்தது. ஹுவான் குவான் என்பவர் பின்னர் அதை நூலாகத் தொகுத்தார். அறிஞர் தரப்பின் முறைப்பாடு இது: அரச உலைகள் கணக்குக் காட்டுவதற்காகப் பெரிய பெரிய சாமான்களை வார்க்கின்றன, சனத்துக்குத் தேவையானதை அல்ல, கிடைக்கிற கருவி மொட்டை, புல்லுக்கூட வெட்டாது, விலையும் கூட, அதனால் ஏழைகள் மரக் கருவியால் உழுது, கையால் களை பிடுங்குகிறார்கள். அரச தரப்பு சொன்ன பதில் இன்னும் சுவாரசியமானது. தனி ஆட்களுக்கு நேரமும் வசதியும் இல்லை, அவர்கள் செய்யும் இரும்பில் கடினமும் மென்மையும் பொருந்துவதில்லை, அரசாங்கத்தால் மட்டுமே அதைச் சரியாகச் செய்ய முடியும் என்றது.

இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தைய ஒரு வரி விவாதத்தில் உலோகவியல்! எங்கள் ஊகம் ஒன்றையும் சொல்லி வைக்கிறோம்: எண்ணிக்கையை நிரப்ப வேண்டிய உலையில் முதலில் வெட்டு விழுவது நாட்கணக்கான அந்தச் சூடாக்கலில்தான். விறகும் நேரமும் தின்கிற வேலை அது. விவாதத்தின் முடிவில் தலைநகரை அண்டிய இரும்பு அலுவலகங்கள் மூடப்பட்டன, மதுவின் ஏகபோகமும் போனது. மற்றப்படி இரும்பு அரசின் கையிலேயே இருந்தது.

அடுத்த கதை இங்கிலாந்தில். 1803இல் இப்ஸ்விச் ஊரின் றொபேட் றான்சம் தானாகக் கூராகும் கொழுவுக்குக் காப்புரிமை எடுத்தார். உருகிய இரும்பு தற்செயலாகச் சிந்தி, தரையில் கிடந்த குளிர்ந்த இரும்பில் பட்டு, தொட்ட பக்கம் மட்டும் கடினமாகிவிட்டதாம். அதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்ததாம். அழகான கதை, ஆனால் அரைக் கதை. 1785இலேயே உப்புநீரைக்கொண்டு கொழுவைக் கடினமாக்குவதற்கு அவர் காப்புரிமை பெற்றிருந்தார். பதினெட்டு வருசம் தேடிக்கொண்டிருந்தவருக்குத்தான் சிந்தினதும் கண்ணில் பட்டது.

அவர் செய்தது இவ்வளவுதான்: கொழுவின் அடிப்பக்கத்துக்கு இரும்பு அச்சு, மேற்பக்கத்துக்கு மணல் அச்சு. அடிப்பக்கம் சட்டெனக் குளிர்ந்து வெள்ளை இரும்பாகும், மேற்பக்கம் சாம்பல் இரும்பாகவே இருக்கும். உழ உழ மேற்பக்கம் வேகமாகத் தேய, அடியிலுள்ள கடினமான விளிம்பு கூராகவே நிற்கும். அடிக்கடி கொல்லரிடம் தூக்கிக்கொண்டு ஓடத் தேவையில்லை. தேய்மானத்தை நிறுத்தாமல், அதையே வேலைக்காரனாக்கிய யோசனை இது.

ஆனால் குளிரால் வரும் கடினம் சிறிது ஆழம் வரைக்குந்தான். தாதும் சீமெந்தும் நிலக்கரியும் அரைக்கும் ஆலைகளின் தடித்த வார்ப்புகளுக்கு அது காணாது. அங்கேதான் கலப்பு மூலகங்கள் வருகின்றன. 1920களின் பிற்பகுதியில் இன்டர்நஷனல் நிக்கல் கம்பனி உருவாக்கிய நி-ஹார்ட் என்ற வெள்ளை இரும்பில் ஏறத்தாழ 4 வீதம் நிக்கல், 2 வீதம் குரோமியம். நிக்கல் இருப்பதால் மணல் அச்சில் மெதுவாக ஆறினாலும் காபைட்டுகளுக்கு இடையிலுள்ள உலோகம், தண்ணீரில் தோய்த்த உருக்குப்போல, மாட்டென்சைற்று என்ற கடின வடிவுக்கு மாறும். ஆனால் நிக்கலுக்கு ஒரு கெட்ட பழக்கம், காபனைக் காரீயமாகப் பிரிந்துபோகத் தூண்டும். அதைப் பிடித்துவைக்கத்தான் குரோமியம். பிறகு 200 பாகைக்குச் சற்று மேலே சூடாக்கி, உள்ளே இறுகிப்போன தகைப்பை இளக்குவார்கள்.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவில் குரோமியத்துக்குத் தட்டுப்பாடு. நி-ஹார்ட்டில் அதற்குப் பதிலாக எதைப் போடலாம் என்று பார்க்கும் வேலை, அந்தக் கம்பனியின் நியூ ஜேர்சி ஆய்வுகூடத்தில் கீத் மில்லிஸ் என்பவரிடம் வந்தது. அவர் சேர்த்துப் பார்த்தவற்றில் ஒன்று மக்னீசியம். லேசான வேலையில்லை; உருகிய இரும்பின் சூட்டில் மக்னீசியம் கொதித்து ஆவியாகி, கண்ணைக் கூசும் வெளிச்சத்தோடு சீறும். ஆனாலும் அது காபைட்டைப் பிடித்துவைத்தது. பிறகு 1943இல் சாம்பல் இரும்பிலும் அதைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் எதிர்பாராதது நடந்தது. நுணுக்குக்காட்டியில் காரீயம் தகடு தகடாக இல்லை, உருண்டை உருண்டையாக இருந்தது. தகட்டின் கூரிய விளிம்பிலிருந்துதான் வெடிப்பு ஓடும். உருண்டைக்கு அப்படி ஒரு விளிம்பு இல்லை. வார்த்தபடியே வளையக்கூடிய வார்ப்பிரும்பு!

1948இல் பிலடெல்பியாவில் நடந்த வார்ப்பாளர் மாநாட்டில், பிரித்தானிய வார்ப்பிரும்பு ஆய்வுச் சங்கத்தின் ஹென்ரன் மொரோ, சீரியம் சேர்த்து இதே உருண்டைகளைப் பெற்றதாக அறிவித்தார். அதே மாநாட்டில் நிக்கல் கம்பனியும் தன் மக்னீசியத்தை வெளியே சொன்னது. 1949இல் மில்லிஸுக்கும் இரண்டு சகாக்களுக்கும் காப்புரிமை கிடைத்தது. இண்டைக்குத் தண்ணீர்க் குழாயிலிருந்து வாகனங்களின் சுழற்றித்தண்டு வரை அந்த இரும்பு இருக்கிறது.

மில்லிஸிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்விதான் அப்படியே கிடந்துவிட்டது. போர் முடிந்தபின் ஆலைகள் குரோமியத்தைக் குறைக்கவில்லை, கூட்டின. 12 முதல் 30 வீதம் வரை குரோமியம் கொண்ட வெள்ளை இரும்புகளில் இன்னொரு வகைக் காபைட்டு உருவாகும். அது பழையதைவிடக் கடினம். அதோடு வலைபோலப் பின்னிக் கிடக்காமல் தனித்தனியாக நிற்பதால் வெடிப்பும் இலகுவில் ஓடாது. அதையும் 1000 பாகையளவில் பல மணித்தியாலம் வைத்துத்தான் காற்றில் ஆறவிடுகிறார்கள். நி-ஹார்ட்டோ, இண்டைக்கும் குரோமியம் போட்டுத்தான் வார்க்கப்படுகிறது.