நீர் நிரம்பியும் கழுவாத பாத்திரம் கழுவும் யந்திரம்

டிஷ்வாஷர் என்று வழக்கில் வழங்கும் பாத்திரம் கழுவும் யந்திரத்தில், நீர் புகுந்து நிரம்பிய பின்னும் தெளிப்புத் தொடங்காமல் நின்றுவிடுவது அடிக்கடி நேரும் பழுதுகளுள் ஒன்று. நீரை நிரப்புவது ஒரு காரியம். அந்நீரைக் கொண்டு கழுவுவது வேறொரு காரியம். முன்னதைக் குழாயின் அழுத்தமும் ஒரு சிறு வால்வுமே நிறைவேற்றிவிட, பின்னதற்கு நீர்மட்டத்தை உணரும் கருவியும், கட்டுப்பாட்டுப் பலகையும், மோட்டாரும், அடைப்பற்ற துளைகளும் ஒருங்கே துணை நிற்கவேண்டும். இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரைப் பிரதேசத்தில் கடின நீரும் உப்புக் காற்றும் இவ்வுறுப்புகளையே முதலில் தாக்குவதால், இப்பழுது அங்கே விசேஷ கவனத்துக்கு உரியது.

செயல்முறை

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் வாழ்ந்த ஜோசபின் காக்ரேன் அம்மையார் 1886-இல் காப்புரிமை பெற்று, 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் வைத்த யந்திரத்தின் தத்துவமே இன்றும் நிலவுகிறது. கம்பிச் சட்டங்களில் அமர்த்திய பாத்திரங்களின் மேல் நீர் விசையுடன் பாய்ந்து அழுக்கை அகற்றுகிறது. இக்கால யந்திரத்தில் கதவின் தாழ் பொருந்தியதும் வால்வு திறந்து சில லிட்டர் நீர் உட்புகும். அது உரிய மட்டத்தை எட்டியதை அழுத்த சுவிட்சோ வேறோர் உணர்கருவியோ பலகைக்கு அறிவித்த பிறகே மோட்டார் சுழன்று, அடித்தொட்டியின் நீரைச் சல்லடை வழியே இழுத்து, தெளிப்புக் கைகளின் துளைகளால் மேலே வீசும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் நீர் நிற்கும், கழுவுதல் நிகழாது.

ஓசையால் அறிதல்

நீர் நிரம்பிய பின் யந்திரம் எழுப்பும் ஓசையே பழுதின் இருப்பிடத்தைக் காட்டும் முதற் சாட்சி.

முழு நிசப்தம் நிலவினால், மட்டத்தை அறிவிக்கும் செய்தி பலகைக்குச் சேரவில்லை, அல்லது பலகையின் ஆணை மோட்டாருக்குச் சேரவில்லை என்று கொள்ளலாம். அழுத்த சுவிட்சுக்குச் செல்லும் மெல்லிய குழாய் எண்ணெய்ப் பிசுக்காலோ சுண்ணப் படிவாலோ அடைபட்டிருக்கலாம். கழிவுக் குழாய் தரையோடு தாழ்ந்து கிடந்தால், புகும் நீர் அப்போதைக்கப்போதே வழிந்தோட, மட்டம் ஒருபோதும் எட்டாது. மேல்நிலைத் தொட்டியின் உயரமும் கவனிக்கத்தக்கது. பத்து மீட்டர் உயரம் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். யந்திரங்கள் பல குறைந்தது 0.3 முதல் 0.5 பார் வரை வேண்டுவதால், மூன்று மீட்டர் உயரத்துத் தொட்டி எல்லைக்கோட்டில் நிற்பதாகும்.

மோட்டார் சுழலாமல் உறுமினால், அதன் கண்டென்சர் (மின்தேக்கி) வலிவிழந்திருக்கலாம். மீன் முள்ளோ, புளியங்கொட்டைத் துண்டோ, கண்ணாடிச் சில்லோ பம்பின் சக்கரத்தில் சிக்கியிருக்கலாம். புதிய வகை மோட்டார்கள் சிலவற்றில் கண்டென்சர் கிடையாது.

மோட்டார் ஓடியும் பாத்திரங்கள் காய்ந்தே இருந்தால், சல்லடையையும் தெளிப்புத் துளைகளையும் ஆராய வேண்டும். கையால் தேய்ப்பதற்குரிய சோப்புத் திரவத்தை ஊற்றினால் நுரை பெருகி, பம்பு நீருக்குப் பதில் காற்றை இழுக்கும் என்பதும் நினைவிற்குரியது. நீரை வெளியேற்றும் பம்பு இடைவிடாமல் ஓடினால், அடித்தட்டில் கசிவு நீர் தேங்கி, காப்பு மிதவையைத் தூக்கியிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். முதலில் கசிவைத் தேடவேண்டும்.

கடற்கரைப் பிரதேசத்தின் காரணங்கள்

இந்தியத் தரநிர்ணயம் குடிநீரின் மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்னும் விரும்பத்தக்க எல்லையையும், வேறு நீர் கிடையாதவிடத்து 600 மில்லிகிராம் என்னும் உச்ச எல்லையையும் வகுத்திருக்கிறது. உவர்க்கிணறுகள் மலிந்த இப்பிரதேசத்தில், கடின நீர் சூடேறும்போது கால்சிய லவணங்கள் வெள்ளைப் படிவாகி, தெளிப்புத் துளைகளை அடைத்து, சூடாக்கியின் மேல் படர்ந்து, நாளடைவில் மோட்டார் அச்சின் கசிவுத்தடுப்பு வளையத்தையும் உராய்ந்து கெடுக்கின்றன. வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் வெளியூர் செல்வோரின் யந்திரத்தில், அடியில் நின்ற நீர் வற்றி உப்பு இறுகுவதால் சக்கரம் அசையாமல் பிடித்துக்கொள்வதும் உண்டு.

காற்றின் தாக்குதல் இதனினும் மறைவானது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் ஓயாத அரிப்போடு போராடியதும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருவேறா எஃகும் காப்புப் பூச்சும் பயன்பட்டதும் இக்காற்றின் சக்திக்குச் சான்று. பாலத்தை அரிக்கும் உப்பு, பலகையின் ரிலே முனையிலும் கம்பி இணைப்பிலும் படிந்து பச்சைக் களிம்பாகிறது. வால்வு திறக்கும் அளவுக்கு மின்சாரம் பாய்ந்தாலும், மிகுந்த மின்னோட்டம் வேண்டும் மோட்டாருக்கு அது போதாமற்போகும்.

சோதிக்கும் முறை

பிளக்கைப் பிடுங்கி, நீர்க் குழாயையும் மூடிய பின்னரே கைவைக்க வேண்டும். முதலில் கதவின் தாழ், கழிவுக் குழாயின் உயரம், சல்லடை, தெளிப்புக் கை ஆகிய செலவற்ற சோதனைகளை முடித்து, பிறகு பம்பின் சக்கரத்தை விரலால் திருப்பிப் பார்த்து, அதன் பின்னரே மின்னுறுப்புகளை நாடுவது முறை. கண்டென்சர் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்சாரத்தைத் தேக்கியிருக்கும். ஆதலால் அதையும் பலகையையும் பயிற்சி பெற்ற மெக்கானிக்கே தொடுவது உயிருக்குப் பாதுகாப்பு. பலகையை மாற்றுமுன் இணைப்புகளின் களிம்பைத் துடைத்துப் பார்க்குமாறு உரியவர் வற்புறுத்திக் கேட்கலாம். வீண் செலவு பலருக்கு அதனால் மிச்சமாகும்.

காப்பு

யந்திரங்கள் பலவற்றின் உள்ளே அயனிப் பரிமாற்றப் பிசின் கடின நீரை மென்னீராக்குகிறது. அதன் சக்தியைப் புதுப்பிப்பது உப்பே. ஆயினும் வாலிநோக்கம் போன்ற உப்பளங்களிலிருந்து நேரே வரும் கல்லுப்பில் மணலும் மக்னீசிய லவணங்களும் கலந்திருப்பதால், அது பிசினுக்கு உதவாது. சுத்திகரித்த பிரத்தியேக உப்பே தகும். கடின அளவை நீரைப் பரிசோதித்து அமைப்பதும், அவ்வப்போது சிட்ரிக் அமிலம் இட்டு வெறும் யந்திரத்தை ஓட்டுவதும் படிவைக் குறைக்கும். பிசின் கடினத்தை நீக்குமேயன்றி உவர்ப்பை நீக்காது. ஆகவே உவர்க்கிணற்று நீரை விடுத்து, காவிரிக் கூட்டுக் குடிநீர் கிடைக்குமிடத்தில் அந்த இணைப்பை யந்திரத்துக்குத் தருவதே நீடித்த பலன் தரும் ஏற்பாடாகும்.