டாக்டரம்மாவின் முள்

1954 ஜனவரியில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் இளம் டாக்டர்கள் சிலர் பிக்னிக் கிளம்பினார்கள். வழியில் வண்டி கவிழ்ந்தது. அதிலிருந்த டாக்டர் மேரி வர்கீஸுக்கு முகத்தில் பலத்த காயம். தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனது. கொச்சிப் பக்கத்துப் பெண். வயது 28.

ஆலயங்களில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இங்கிருந்து ஒரே தாவாக 'தேவன் பெலன் தந்தார்' என்பதற்குப் போய்விடுகிறார்கள். தென்னையிலிருந்து விழுந்து அதே நிலைக்கு வந்தவன் நான். எனக்கு அந்தத் தாவலில் சம்மதமில்லை. பெலன் எந்த வழியாக வந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அப்போது வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக்கொண்டிருந்தார். நல்ல நிலையில் இருக்கும் தசைநாண் ஒன்றைத் திசைதிருப்பி, செயலிழந்த விரல்களோடு இணைப்பார். நோயாளியின் கை ஒரு சிறு மேசைமேல் நீட்டியிருக்கும். டாக்டர் உட்கார்ந்தபடியே வேலை செய்யலாம். நிற்க முடியாத மேரிக்கு பிராண்ட் காட்டிய வழி இதுதான். சக்கர நாற்காலியில் அமர்ந்து அவர் கத்தியைப் பிடித்தார். ஊரே ஒதுக்கிவைத்த நோயாளிகளுக்கு, எழுந்து நிற்க முடியாத ஒரு டாக்டரம்மா எதிரில் உட்கார்ந்து கைக்கு வைத்தியம் பார்ப்பது எப்படி இருந்திருக்கும்! அந்த நம்பிக்கையை நல்ல கால்கள் உள்ள டாக்டரால் அவ்வளவு சுலபமாகத் தந்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

தொழுநோயாளிகளுக்கும் தண்டுவடம் அடிபட்ட எங்களுக்கும் இன்னொரு ஒற்றுமையும் உண்டு. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை. உணர்ச்சி இல்லாததால் சூடும் காயமும் தெரியாமல் சிதைகின்றன என்று பிராண்ட் விடாமல் எடுத்துச் சொன்னார். எங்கள் கதையும் அதுவே. ஒரே நிலையில் உட்கார்ந்திருந்தால் புட்டத்தில் புண் வைக்கும், வலி தெரியாது. அதனால் அடிக்கடி இரு கைகளையும் ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி இறக்குவோம். படுக்கும்முன் கண்ணாடி பிடித்துத் தோலைப் பார்ப்போம். மேரியம்மாவுக்கு இது பாடப்புத்தகத்தில் படித்த பாடம் அல்ல.

பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் மறுவாழ்வுப் பயிற்சி. நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்டு ரஸ்கிடம் படிப்பு. 1960களின் தொடக்கத்தில் திரும்பிவந்து சி.எம்.சி.யில் மறுவாழ்வு மருத்துவத் துறையின் பொறுப்பை ஏற்றார். தண்டுவடம் அடிபட்டவர்களை வீட்டு மூலையில் படுக்கவைத்துச் சாவுக்குக் காத்திருந்த காலம் அது. 1966இல் வேலூரை ஒட்டிய பாகாயத்தில் அவர்களுக்கென்றே மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. மரம் ஏறி விழுந்தவர்கள், கிணற்றில் விழுந்தவர்கள், லாரியில் அடிபட்டவர்கள் என்று கிராமத்து ஆட்கள் அங்கே வந்து உட்காரவும், நகரவும், பிழைக்கவும் கற்றார்கள். நானும் அங்கேதான் கற்றேன். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986இல் காலமானார். கடைசிவரை அவர் எழுந்து நடக்கவில்லை.

பவுல் அப்போஸ்தலன் தன் மாம்சத்தில் இருந்த முள்ளை நீக்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டதாகக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 12ஆம் அதிகாரம் சொல்கிறது. முள் நீங்கவில்லை, கிருபை போதும் என்றுதான் பதில் வந்தது. ஆனால் என்னைப் பார்த்ததும் தலையில் கைவைத்து 'எழுந்து நட' என்று கத்தும் ஊழியர்கள் அந்த அதிகாரத்தை அவசரமாகப் புரட்டிவிடுகிறார்கள். நான் நடக்காதபோது என் விசுவாசத்தைச் சந்தேகிக்கிறார்கள். அவர்கள் கணக்குப்படி பவுலுக்கும் மேரி வர்கீஸுக்கும் விசுவாசம் குறைவுதான்.

சபை மூப்பர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்களுக்காக ஜெபியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு ஆலய வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளமும் கட்டுங்கள். நாலு பேர் தூக்காமல் நாங்களே உள்ளே வருகிறோம்.